மண்பானையும் செப்பு வளையலும்

2025 ஜூன் 7, சனி

நூலகத்துச் சிறுவர் அறைக்காக நான் செய்யவிருக்கும், தொட்டால் ஒலிக்கும் தொடுகலைப் படைப்பின் வேலையை இன்று அடுக்களையில் தொடங்கினேன். கையிலிருப்பது மேக்கி மேக்கி பலகை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் பயின்ற ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் உருவாக்கி, 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் நிதி திரட்டிப் பரவலாக்கியது. கணினி இதை ஒரு விசைப்பலகையாகவே எடுத்துக்கொள்கிறது. எர்த் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கிளிப் மாட்டிய பொருளை மறு கையால் தொட்டால், சுற்று நம் உடல் வழியே நிறைவடைந்து, ஒரு விசை அழுத்தப்பட்டதாகப் பதிவாகிறது. பலகையிலுள்ள மின்தடை 22 மெகா ஓம் என்ற மிக உயர்ந்த அளவில் இருப்பதால், தோலின் மெல்லிய கடத்தலைக்கூட அது உணர்ந்துவிடும்.

பித்தளைச் செம்பும் எவர்சில்வர் டம்ளரும் உடனே இசைந்தன. அனோடைஸ் செய்த வாணலி இசையவில்லை. அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது.

ஜூன் 8

இன்று முழுவதும் ஒலிகளைப் பற்றியே யோசித்தேன். இப்பலகையோடு இணைத்த வாழைப்பழத்தைத் தொட்டால் பியானோ ஒலிப்பது குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தருவதுதான்; ஆனால் அந்த ஒலிக்கும் பழத்துக்கும் உறவு ஏதுமில்லை என்பது என் மனக்குறை. ஊடகக் கலைஞர்களான கிறிஸ்டா சோமரரும் லோரான் மின்யோனோவும் 1992-இல் அமைத்த படைப்பில், பார்வையாளர் உண்மையான செடியை நெருங்கித் தொட்டால் திரையிலும் செடிகளே வளர்ந்தன. அந்தப் பொருத்தமே எனக்கும் வேண்டும். ஆகவே செம்புக்கு, அது குழாயடியில் நிரம்பும் ஓசையையே பதிவுசெய்து, சிறுவர்க்கான நிரல்மொழியான ஸ்கிராட்ச்சில் எழுதிய நிரலில் சேர்த்தேன்.

ஜூன் 11

மானாமதுரைப் பானை காய்ந்திருந்தவரை ஊமையாகவே இருந்தது. தண்ணீர் ஊற்றி, அதனுள் எவர்சில்வர் கரண்டியொன்றை நிறுத்தி, கரண்டிக் காம்பில் கிளிப்பை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறம் குளிர்ந்து ஈரமானபோது, விரல் பட்டதும் பானைக்குள்ளிருந்து நீர் மொள்ளும் ஓசை எழுந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகளும் இதற்கு உதவியிருக்கும். கோடையில் பானை நீரைக் குளிர்விக்கும் அதே கசிவுதான் அதைப் பேசவும் வைக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்குப் பெரும் உவகையாக இருக்கிறது.

ஜூன் 14

அப்பத்தா வந்து தொட்டபோது பானை பேசவில்லை. "எனக்கு மட்டும் ஏன் கண்ணு பேச மாட்டேங்குது?" என்று கேட்ட அவரது முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. குறை அவருடையதன்று, உழைத்துக் காய்த்து உலர்ந்த கைகளுக்கு இடமில்லாதபடி நான் அமைத்ததே பிழை. ஈரத்துணியொன்றை அருகில் வைத்தேன். எர்த் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவையை நீக்க, அவர் அணிந்திருந்த செப்பு வளையலை மணிக்கட்டின் ஈரத்தில் பதியும்படி ஏற்றி, அதிலேயே கம்பியை மாட்டினேன். இதில் பாயும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றியே வைத்திருந்தேன்.

இம்முறை பானை அவருக்குப் பதில் சொன்னது. பக்கத்து வீட்டுச் சிறுமி ஓடிவந்து தானும் தொட்டாள், ஓசை இல்லை. அப்பத்தா அவளது இடக்கையைப் பற்றிக்கொண்டு, "இப்பத் தொடு" என்றார்.