மதுரைப் பக்கம் டீச்சிங் பிராக்டிஸ் போகிறவர்களுக்கு

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்குப் போக வேண்டும். பாடக்குறிப்பு, சார்ட், ரெக்கார்டு என்றுதான் எல்லோரும் பதறுவார்கள். அதெல்லாம் சீனியர்களிடம் கேட்டால் கிடைத்துவிடும். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எந்த மாதிரி வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதை மட்டும் நீங்களேதான் விசாரிக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தது நகருக்குள் ஓர் உதவிபெறும் பள்ளி. ஏழாம் வகுப்பு, கணக்கு. திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி முதல் பீரியடில் கொட்டாவியை நோட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருப்பாள். "ராத்திரி பூரா டிவியா?" என்றார் என்னோடு வந்த பயிற்சி ஆசிரியர். அவள் வாயே திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவள்தான், "அவ விடியிறதுக்கு முன்னாடியே பூவெடுக்கப் போயிடுவா சார்" என்றாள். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். அப்புறம் ஒருநாள் மல்லிகை கிலோ 300 ரூபாய் என்று போர்டில் ஒரு கணக்கு போட்டேன். "மார்கழியில இந்த விலைக்கு யாரு மிஸ் குடுப்பா?" என்று அவளே கேட்டாள். பனிக்காலத்தில் வரத்து குறையும், விலை ஏறும். சரி, நீயே விலையைச் சொல் என்றேன். அன்று சதவீதப் பாடம் அவள் சொன்ன விலையில்தான் நடந்தது.

திருமலை நாயக்கர் மகால் பக்கத்துச் சௌராஷ்டிரப் பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். தங்களுக்குள் மட்டும் வீட்டு மொழி. பின் பெஞ்சில் அப்படிப் பேசிச் சிரித்தால் நம்மைத்தான் கிண்டல் செய்கிறார்களோ என்று இருக்கும். சில நேரம் அப்படியும் இருக்கலாம், பிள்ளைகள்தானே! என் வகுப்பில் பெரும்பாலும் ஒருவன் இன்னொருவனுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "தமிழ்ல மட்டும் பேசு" என்று அதட்டினால் அதுவும் நின்றுவிடும்.

கட்டட வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பையன் இருந்தால், கூட்டல் பெருக்கலில் வேகமாக இருப்பவன் வழிக்கணக்கில் மட்டும் நின்றுவிடுகிறானா என்று பாருங்கள். அப்படியென்றால் இடிப்பது தமிழ் வாசிப்பு. கணக்கைப் படமாக வரைந்து காட்டுங்கள்.

மைக்ரோ டீச்சிங்கில், அதாவது சில நிமிடம் மட்டும் பாடம் நடத்திப் பார்க்கும் பயிற்சியில், கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லித் தருகிறார்கள். பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்தால் திமிர் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அதைக் கவனக்குறைவு என்று ரெக்கார்டில் எழுதிவிடாதீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வராத அப்பாவையும் உடனே அக்கறையில்லாதவர் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒருநாள் கூலி போய்விடும். சாயங்காலம் போன் செய்தால் பேசுவார்.

டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இது உதவும். இரண்டு தாளிலும் 150-க்கு 30 மதிப்பெண் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும். வகுப்புச் சூழலைச் சொல்லிக் கேட்கும் கேள்வியில், வீட்டு மொழியைத் தடுக்கும் விடைகளை முதலில் அடித்துவிடுங்கள். தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 பன்மொழியை வகுப்பின் வளமாகத்தான் பார்க்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் கூடுமானவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது.