எம்.டெக். வாய்மொழித் தேர்வில் என்னை மடக்கிய ஓர் எண்

ஆய்வுத்திட்டத்தின் முடிவு சென்ற வாரம் வந்தது. தேறிவிட்டேன், ஆனால் எதிர்பார்த்த தரநிலை கிடைக்கவில்லை. கலப்புப் பொருளின் இரண்டு அடுக்குகள் ஒட்டுவிட்டுப் பிரிவதைப் பெரிடைனமிக்ஸ் முறையில் (பொருளைப் புள்ளிகளாகப் பிரித்து, அவற்றிடையே உள்ள பிணைப்புகள் அறுவதை விரிசலாகக் கொள்ளும் முறை), லாம்ப்ஸ் என்ற துகள் உருவகப்படுத்தல் மென்பொருளின் பி.எம்.பி. என்ற பிணைப்பு வகை மாதிரியைக் கொண்டு கணித்துக் காட்டுவதே என் தலைப்பு. சில்லிங் 2000-இல் முன்வைத்த இக்கோட்பாட்டை விளக்கவே முதல் பத்து நிமிடங்களைச் செலவிட்டேன். தேர்வாளர்கள் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

புள்ளி இடைவெளியை 0.5 மி.மீ.-இலிருந்து 0.25 மி.மீ.-ஆகக் குறைத்தபோது, மும்மடங்கு என்ற வழக்கப்படி ஹொரைசனும் (ஒரு புள்ளி எவ்வளவு தொலைவு வரை மற்றவற்றோடு பிணைந்திருக்கும் என்ற எல்லை) 1.5-இலிருந்து 0.75 மி.மீ. ஆனது. பிணைப்பு விறைப்பு ஹொரைசனின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பதால் அதை மட்டும் கவனமாகத் திருத்தினேன். அதே கட்டளை வரியில் இரண்டு எண்கள் தள்ளியிருந்த முறிவு நீட்சியை, அதாவது பிணைப்பு எவ்வளவு நீண்டால் அறும் என்ற வரம்பை, தொடவே இல்லை. டி.சி.பி. மாதிரியின் (ஒட்டிய இரு பட்டைகளை ஒரு முனையில் பிரித்திழுக்கும் சோதனைத் துண்டு) உச்ச விசை 62 நியூட்டனிலிருந்து 44-ஆக இறங்கியது. "நுணுக்கம் கூடக் கூட விடை குவிகிறது" என்று அறிக்கையில் எழுதியும் வைத்தேன்.

வெளித் தேர்வாளர் அந்த இரண்டு எண்களின் கீழும் பென்சிலால் கோடிட்டு, "இந்த விகிதம் எவ்வளவு?" என்றார். 0.71, அதாவது 1/√2. முறிவு ஆற்றல் (விரிசல் ஒரு சதுர மீட்டர் பரவத் தேவையான ஆற்றல்), முறிவு நீட்சியின் வர்க்கத்தையும் ஹொரைசனையும் பெருக்கியதற்கு நேர்விகிதமானது. ஹொரைசனைப் பாதியாக்கி நீட்சியை அப்படியே விட்டதால், என் ஒட்டுப்பசையின் முறிவு ஆற்றலை நானே பாதியாக்கியிருந்தேன்; உச்ச விசை அதன் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் 0.71 மடங்கானது. சதுர மீட்டருக்கு 250 ஜூல் முறிவு ஆற்றல், 3 ஜிகாபாஸ்கல் பருமக் குணகம் என்ற என் மதிப்புகளுக்கு, முறிவு நீட்சி 1.5 மி.மீ.-இல் 0.0056 என்றால் 0.75 மி.மீ.-இல் 0.0079 இருந்திருக்க வேண்டும். இதைத் தாளில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இதே வகைத் திட்டம் செய்வோருக்கு:
- இடைமுகப் பிணைப்புகளுக்குத் தனி முறிவு நீட்சி கொடுங்கள்.
- மி.மீ., நியூட்டன் அலகுகளில் முறிவு ஆற்றல் 250 என்பது 0.25 ஆகிவிடும்.
- பிணைப்பு வகை மாதிரியில் பாய்சன் விகிதம் (இழுக்கும்போது பொருள் குறுக்கே சுருங்கும் விகிதம்) 1/4 என்றே நிலைத்துவிடுவதை, கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.
- மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் விசைக் கோட்டில் அதிர்வுகளே தெரியும்.

படங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் நான் கழித்த மூன்று வாரங்களுக்கு மதிப்பெண் ஏதும் விழுந்ததாகத் தெரியவில்லை. பொறுமையான குணமுடையவர்களுக்கு அது வேறாக இருக்கலாம். நானோ, இப்போது ஹொரைசனைத் தொடும் ஒவ்வொரு முறையும் முறிவு ஆற்றலைத் திரும்பக் கணக்கிட்டு, உள்ளீட்டுக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வைக்கிறேன்.