சபை முடிக்கும் நாட்கள்: காட்பாடிக் குறிப்புகள்

பிப்ரவரி 18, 2024, ஞாயிறு

காட்பாடிப் பக்கம் இரண்டு சிறு கிறிஸ்தவச் சபைகள் முடிந்து ஒரே புதிய சபை எழும்பப்போகிறது. இன்று பொதுக்கூட்டம். "சபையை மூடுகிறோம்" என்ற ஒரு வரித் தீர்மானம் போதாது. எந்தத் தேதியோடு முடிகிறது, குடும்பங்கள் எங்கே சேர்கின்றன, பதிவேடுகள் யார் பொறுப்பு, சாவி யாரிடம் என நான்கும் வேண்டும். நிலத்தைப் பற்றித்தான் பேச்சு சூடாகும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சொத்துகளைப் பொறுப்பில் வைத்திருப்பது 1947-இல் பதிவான அதன் டிரஸ்ட் அசோசியேஷன். உள்ளூர்ச் சபை விற்கவோ பங்கிடவோ முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 2, சனி

ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் என நான்கு பதிவேடுகள். ஒவ்வொன்றிலும் கடைசிப் பதிவின் கீழே கோடு போட்டு, மொத்த எண்ணிக்கையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, ஆயரும் இரண்டு கமிட்டி உறுப்பினர்களும் கையெழுத்திட வேண்டும். கோடு போடாத பக்கத்தில் பின்னால் யாரும் எதையும் சேர்க்கலாம்.

அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் காலத்துத் தாள்கள் தொட்டாலே உதிரும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டக்கூடாது. பசை மஞ்சளாகிக் கறைபடுத்தும். லேமினேஷன் அதைவிடக் கேடு, பிறகு பிரிக்கவே முடியாது. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கம் பக்கமாகப் படமெடுத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே இரும்பு பீரோ வேண்டாம். வேலூர் வெயிலில் அது அடுப்பு.

மார்ச் 10, ஞாயிறு

ஏப்ரலில் கலியாணம் உள்ளவர்களின் பெயரை ஆராதனையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், இன்றே முதல் அறிவிப்பு. 10, 17, 24 என மூன்று ஞாயிறும் பழைய சபையிலேயே முடிந்துவிடும். இரண்டு இங்கே, ஒன்று புதிய சபையில் என்று விட்டால் சான்றில் யார் கையெழுத்திடுவது என்று பெண் வீட்டார் அலைவார்கள்.

மார்ச் 16, சனி

கோயில் மணி இறக்கம். வாய் விட்டம் 45 செ.மீ. என்றால் எடை ஏறக்குறைய 55 கிலோ. முதலில் நாக்கைக் கழற்ற வேண்டும். ஆடினால் உள்விளிம்பில் அடித்து விரிசல் விடும். நைலான் கயிறு பாரத்தில் நீளும், அதனால் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக். கீழே பழைய லாரி டயர், வெறும் சிமெண்ட் தரை ஆகாது. அடிக்கல்லைப் பெயர்க்கவில்லை. கல்லறைத் தோட்டமும் மூடப்படுவதில்லை. அதற்குத் தனிப் பொறுப்பாளர் பெயர் இன்றே எழுதப்பட்டது.

மார்ச் 31, ஈஸ்டர்

கணக்காண்டும் இன்றோடு முடிகிறது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் எடுத்தவர்களின் பாக்கிதான் எப்போதும் இழுக்கும். வராததைத் தள்ளுபடி செய்யாமல், பெயரும் தொகையும் எழுதிப் புதிய சபைக்கு மாற்றுவதே நியாயம். எழுதாத ரசீதுகளின் குறுக்கே கோடிட்டு "ரத்து" என்று எழுதி, அடிக்கட்டையோடு வைக்க வேண்டும். கொடுத்த காசோலைகள் எல்லாம் பணமான பிறகே வங்கிக் கணக்கை முடிக்கலாம். மின் மீட்டர் அளவைப் படமெடுத்தாயிற்று.

கடைசித் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் மிச்சம் வைக்கப்படவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

புதிய பதிவேடு, வரிசை எண் 1. பழைய எண்ணைத் தொடர்ந்தால் மற்றச் சபை தான் கரைந்துபோனதாக நினைக்கும். அதே காரணத்தால் திருவிருந்துப் பந்தியில் இரண்டு சபைகளின் பாத்திரங்களும். முதல் பதிவு, ஒரு குழந்தையின் ஞானஸ்நானம்.