அவசரத் திருமுழுக்கு: ‘நான்’ என்ற ஒரு சொல்

கத்தோலிக்கத் திருச்சபையில், சாகும் ஆபத்தில் உள்ள குழந்தைக்கு யாரும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கலாம். கொடுப்பவர் திருமுழுக்கு பெறாதவராக இருந்தாலும் செல்லும். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் வேண்டும், அவ்வளவுதான். வெறும் தண்ணீர் போதும். பால், எண்ணெய் ஆகாது. தலையில் மும்முறை ஊற்றுங்கள், தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும். ஊற்றும்போதே சொல்ல வேண்டியது: “தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்.”

பாசத்தில் சிலர் “நாங்கள்” என்று மாற்றுவதுண்டு. அது செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் தெளிவாக்கியது. ஒரு சொல்லுக்கா இவ்வளவு? ஆம். கொடுப்பவர் வழியாகக் கிறிஸ்துவே திருமுழுக்கு அளிக்கிறார். அந்த ‘நான்’ அவருடையது, குடும்பத்தின் பெயரால் பேசுவதல்ல.

குழந்தை பிழைத்தால் மறுபடி ஊற்றக்கூடாது. பங்குக் கோவிலின் பதிவேட்டில் எழுதி, கிறிஸ்மா என்னும் புனித எண்ணெய் பூசுதல், வெண்ணாடை, மெழுகுதிரிச் சடங்குகளை மட்டும் கோவிலில் நிறைவு செய்தால் போதும்.