அந்த 17 யாருடைய 17?

ஜூன் 10

திண்டுக்கல்லில் எஸ்டிக்யூ படிவத்தைக் கொடுத்துப் பார்க்கும் வேலை ஒருவழியாகத் தொடங்கியாச்சு. தெரியாதவர்களுக்கு: பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட, பிள்ளைகளின் மனநலம், நடத்தை பற்றிய கேள்வித்தாள், மொத்தம் 25 வரி, ஒவ்வொன்றுக்கும் உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்று மூன்று கட்டம். பெற்றோர் டிக் அடித்துக் கொடுத்தால் போதும். அதில் 20 வரிகளின் மதிப்பெண்ணைக் கூட்டி 17-ஐத் தொட்டால் பிள்ளைக்குச் சிக்கல் இருக்கலாம் என்பது பழைய கணக்கு. பிரிட்டன் பிள்ளைகளை வைத்துப் போட்ட கோடு அது. நம் ஊரில் அது எங்கே விழும் என்பதுதான் என் தலைவலி.

ஜூன் 12

ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி "ஏங்க்கா இதுல டிக் பண்ணீங்க?" என்று கேட்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஆனால் விஷயம் இங்கேதான் இருக்கிறது. மற்ற பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுவானா என்ற வரி வந்ததும் ஓர் அம்மா யோசிக்கவே இல்லை, மூன்றாவது கட்டத்தில் அழுத்தி ஒரு டிக். "வீட்டுக்கு யார் வந்தாலும் வாங்கன்னு கூப்ட்டு தண்ணி கொண்டாந்து குடுப்பான் மேடம், தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறதும் இவன்தான்." முகத்தில் அவ்வளவு பெருமை. படிவத்தின் கணக்கிலோ இது சகபிள்ளைகளோடு ஒட்டாததன் அடையாளம், முழுசாக 2 மதிப்பெண். பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டி, "ரெண்டு டிக்கா போடுடி" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

அமெரிக்க உளவியலாளர் ஜான் வைஸ் குழுவின் 1995 ஆய்வை மறுபடி எடுத்தேன், எத்தனை முறை படித்தாலும் அலுக்காத ஆய்வு. தாய்லாந்து ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களைப் பற்றி அமெரிக்க ஆசிரியர்களைவிட அதிகப் பிரச்சினைகளை எழுதினார்கள், ஆனால் வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்துக் குறித்தவர்களின் கணக்கு அப்படியே தலைகீழ், அமெரிக்கப் பிள்ளைகளிடம்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு சேட்டை! அடக்கமான வகுப்பையே பார்த்துப் பழகிய ஆசிரியருக்குச் சின்னச் சலசலப்பும் கண்ணில் குத்துகிறது போல. 2012-ல் பங்களாதேஷ், பிரேசில், பிரிட்டன், இந்தியா, நார்வே, ரஷ்யா, ஏமன் என ஏழு நாடுகளில் எஸ்டிக்யூவை ஒப்பிட்டபோதும் இதே சங்கதிதான்: மதிப்பெண் எங்கே அதிகமோ அங்கே கோளாறும் அதிகம் என்று வரவில்லை. இதற்குப் பிறகும் நாடுவாரியாகச் சராசரி போட்டு வரைபடம் வரைகிறவர்களை என்ன சொல்வது.

ஜூன் 18

பெரியவர்களோடு பழகும் அந்த வரியைத் தூக்கிவிட்டால் என்ன என்று என் ஆய்வு வழிகாட்டி கேட்டார். படிவத்துக்குக் காப்புரிமை உண்டு, நம் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. வைக்க முடிந்தாலும் எனக்குச் சம்மதமில்லை, தாத்தா பாட்டி இல்லாத வீடுகளில் அதே வரி சரியாகவே வேலை செய்யலாம். அதையும் பிரித்துப் பார்க்கணும். அப்புறம் ஒரு பகுதிப் பிள்ளைகளையாவது மனநல மருத்துவர் நேரில் பார்க்கணும், அப்போதுதான் நமக்கென்று ஒரு கோடு போட முடியும்.

இதற்குத்தான் பணமில்லையாம். படிவம் அச்சடிக்கக் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டு, மருத்துவருக்கான தொகையை மட்டும் அடித்துத் திருப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி எழுதிக் கேட்கணும், இந்த முறை பாட்டி சொன்னதையும் சேர்த்து.