பாத்துக்கோங்க தம்பி

அவர் வெட்டச் சொல்லவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தனை வருடமாக எல்லோரிடமும் வேறு மாதிரித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

2018 ஜூன். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த நாட்கள். குப்பனூர் பக்கம் எடுத்துவந்ததை மாலை 7 மணிச் செய்தியில் போடுவதாக இருந்தோம். ஆறேகாலுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து போன். "செய்தி நல்லா வந்திருக்குதுன்னாங்க தம்பி. அந்த ஆயா பேசறது மட்டும்... பாத்துக்கோங்க." நான் "சரிங்க சார்" என்றேன். ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம். இன்னும் ஒளிபரப்பே ஆகாத செய்தி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆயா பேசியது 40 நொடி. யாரையும் திட்டவில்லை. "இந்தக் கெணறு நானும் எம் புருசனும் வெட்டுனது. இங்க மட்டும் கல்ல நடாதீங்க சாமி" என்று கும்பிட்டார். எடிட்டிங் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நேரம் பத்தாதுப்பா, எடுத்துரு" என்றேன்.

எனக்கும் காரணம் இருந்தது. 1995 கேபிள் சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி பொது அமைதியைக் காரணம் காட்டி அதிகாரி ஒரு நிகழ்ச்சியைத் தடை செய்யலாம். 11-ம் பிரிவுப்படி விதி மீறல் என்று கருதினால் கருவிகளையே எடுத்துப் போகலாம். ஒன்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் சிறிய சேனல் அது. ஆனால் 19-ம் பிரிவுக்கு ஓர் உத்தரவு வேண்டும். "எழுத்துல குடுங்க சார்" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் போனை வைத்திருப்பார் என்று சில நாள் நினைக்கிறேன். மறுநாளே எங்கள் சேனல் வரிசையிலிருந்து காணாமல் போயிருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன். இரண்டுமே என் ஊகம்தான்.

கேரளாவின் மீடியா ஒன் சேனலுக்கு 2022 ஜனவரி 31 அன்று தடை வந்தது. காரணத்தை மூடிய உறையில் வைத்து நீதிமன்றத்திடம் மட்டும் காட்டினார்கள். 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தீர்ப்புச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களுக்கு எதிர்த்துப் போக ஓர் உத்தரவாவது கையில் இருந்தது. என்னிடம் எதைக் காட்டி நான் வழக்குப் போடுவேன்? வெட்டியது நான்.

நில எடுப்பு அறிவிப்பை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, இப்போதாவது போடலாம் என்று அந்தப் பதிவைத் தேடினேன். அதன் மேல் ஒரு கல்யாண வீடியோ ஏற்றியிருந்தார்கள். அடுத்த வருடக் கடைசியில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. அது தனிக் கதை.

செய்தி போட்ட மறுநாளே ஆயாவின் பேரன் போன் செய்து அவரிடம் கொடுத்தான்.

"டிவியில நம்ம கெணறு வந்துச்சு சாமி. நான் பேசுனதக் காணமே?"

"நேரம் பத்தலீங்க ஆயா" என்றேன்.

"செரி சாமி, அடுத்த வாட்டி போடு."