கற்றை பட்ட இடம்

கொழிஞ்சாம்பாறையில் பிறந்து, கேரளத்திலேயே தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்த நான், எட்டு ஆண்டுகளாக எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாகப் பேருந்தேறி, கோவைப் பக்கமுள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திற்குச் சென்று வருகிறேன். ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்குவது என் வேலை. தமிழ் மாணவர்கள் அக்கா என்றும் மலையாள மாணவர்கள் சேச்சி என்றும் அழைப்பார்கள்.

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. எலக்ட்ரான் கற்றை அதற்கும் கீழே சென்று, பரப்பைப் புள்ளி புள்ளியாக வருடுகிறது. அங்கிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையே படத்தின் வெளிச்சமாகிறது. ஆகவே படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். இதழ்களில் காணும் வண்ணங்கள் பிறகு சேர்க்கப்படுபவை.

படம் எடுப்பதைவிட மாதிரியைத் தயாரிப்பதிலேயே என் நாள் கழிகிறது. உள்ளே வெற்றிடம் என்பதால் இலையின் நீர் முழுவதும் வெளியேற வேண்டும். செல்களின் வடிவம் குலையாதிருக்கக் குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் நிலைப்படுத்தி, எத்தனாலின் அடர்வைப் படிப்படியாகக் கூட்டி, இறுதியில் எத்தனாலின் இடத்தில் திரவக் கரியமில வாயுவை நிரப்பி, அதை 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் அழுத்தத்துடன் சூடாக்கி வெளியேற்றினால்தான், நீர் உலரும்போது செல்களை நசுக்கும் பரப்பு இழுவிசையிலிருந்து அவை தப்பும். பின்னர் சில நானோமீட்டர் தங்கப் பூச்சு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வரும்போது, உலர்ந்த மாதிரி மீண்டும் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டதா என்று காலையும் மாலையும் பார்ப்பேன்.

ஒருமுறை பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வயலிலிருந்து நெல் இலை கொண்டுவந்த மாணவி, அதன் பரப்பில் மெல்லிய வெடிப்புகளைக் கண்டு, வறட்சியின் அடையாளம் என்று மகிழ்ந்து, ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையே அதன்மேல் எழுதிவிட்டாள். மிகத் தெளிவான படம் அது, எடுத்தவள் நான். இரண்டு வாரம் கழித்து என் குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான், உயர்ந்த உருப்பெருக்கத்தில், எலக்ட்ரான்களை முடுக்கும் மின்னழுத்தத்தை 20 கிலோவோல்ட்டில் வைத்து, ஒரே இடத்தில் நெடுநேரம் கற்றையை நிறுத்தியிருந்தது தெரிந்தது. அதே இலையின் புதிய இடத்தை 5 கிலோவோல்ட்டில் விரைவாக எடுத்தேன், வெடிப்பு இல்லை. நான் கண்டவை இலையின் வெடிப்புகள் அல்ல, கற்றையின் சூடு உண்டாக்கியவை.

சொல்லியே ஆக வேண்டியிருந்தது. "அக்கா, ரெண்டு மாசம் போச்சே" என்றாள். அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது, வெவ்வேறு இடங்களில் எடுத்த முப்பது படங்களும் அவற்றின் மின்னழுத்தக் குறிப்புகளும் மட்டுமே. அவற்றில் நெல் இலையில் காணப்படும், உடுக்கை வடிவச் சிலிக்கா செல்கள் வரிசையாகத் தெரிந்தன. அத்தியாயத்தை அவற்றைக்கொண்டு மீண்டும் எழுதினாள்.

திட்டம் முடிந்தால் முடிந்துபோகும் ஒப்பந்தப் பணி இது. கட்டுரைகளில் நன்றிப் பகுதியில்கூட எப்போதாவதுதான் என் பெயர் வரும். அது வருத்தம்தான். ஆயினும் அன்று முதல் குறிப்பேட்டில் புதிதாக ஒரு நெடுவரிசை வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் கற்றை எத்தனை நொடி நின்றது என்பதை எழுதிவருகிறேன். எனக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்பவருக்கும் அது தேவைப்படும்.